எந்தக் காலத்துக் கிடார்?

சென்ற தை மாதம் சுந்தரபாண்டியத்தில் எங்கள் அக்காள் பேத்திக்குக் கலியாணம். காலையில் முகூர்த்தம் ஒழுங்காக நடந்துவிட்டது. மாலை வரவேற்பில்தான் தகராறு. சம்பந்தி வீட்டாரோடு ஏதோ மனஸ்தாபம் என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். தகராறு பாட்டு விஷயத்தில். அதுவும் எங்கள் வீட்டாருக்குள்ளேயே.

ராஜபாளையத்திலிருந்து ஒரு மெல்லிசைக் குழுவை அமர்த்தியிருந்தார்கள். கிடார் ஒன்று, பேஸ் கிடார் ஒன்று, டிரம்ஸ், கீபோர்டு, பாடுவதற்கு இரண்டு பேர். "என்னென்ன பாட்டு வேணும்னு ஒரு சீட்டில எழுதிக் குடுங்கய்யா" என்றான் கிடார் வாசிக்கிற பையன். வீட்டில் மூத்தவன் என்ற மரியாதைக்காகச் சீட்டு முதலில் என்னிடம் வந்தது. 1964இல் வெளியான 'காதலிக்க நேரமில்லை' படத்திலிருந்து ஒரு பாட்டை எழுதினேன். அக்காள் மகன் சீட்டை வாங்கிப் பார்த்து, "இதெல்லாம் யாருக்கு மாமா தெரியும்?" என்று அதன் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, 1980இல் வந்த 'மூடுபனி'யின் கிடார்ப் பாட்டை எழுதினான். அவன் மகன், அதாவது மணப்பெண்ணின் அண்ணன், இரண்டையும் பார்த்துச் சிரித்தான். சிரித்துவிட்டு 2008இல் வந்த 'வாரணம் ஆயிரம்' என்று எழுதி, பக்கத்தில் 'எல்லாப் பாட்டும்' என்று சேர்த்தான்.

சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தபோது எனக்கு ஒரு கணக்குத் தட்டுப்பட்டது. 1964இல் எனக்கு வயது 17. அக்காள் மகனுக்கு 1980இல் 17. அவன் மகனுக்கு 2008இல் 17. இத்தனை வருஷமாகப் பத்திரிகைகளில் பாட்டைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லி வந்திருக்கிறேன். 'அந்தக் காலத்துச் சங்கீதம் வேறு, இந்தக் காலத்துச் சத்தம் வேறு' என்று தீர்ப்பும் கூறியிருக்கிறேன். அவ்வளவும் ரசனையா, அல்லது வயது 17 பேசிய பேச்சா? அன்று இரவெல்லாம் இதே யோசனை. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பழசுதான் உசத்தி என்ற பேச்சே மிகவும் பழைய பேச்சு. என் தகப்பனாருக்குத் தியாகராஜ பாகவதர்தான் கடைசி. 'ஹரிதாஸ்' 1944இல் வெளியாகி மூன்று தீபாவளி கண்ட படம். அதற்குப் பிறகு சினிமாவில் சங்கீதம் செத்துவிட்டது என்பது அவருடைய சித்தாந்தம். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சைக்கிளில் போய் 'காதலிக்க நேரமில்லை' பார்த்துவிட்டு வந்து அதன் மெட்டை முணுமுணுத்தபோது, "தகர டப்பாவைத் தட்டுறதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறானா?" என்று கேட்டார். வீட்டில் மட்டும் இந்த எண்ணம் இருக்கவில்லை, சர்க்காரிலும் இருந்தது. 1952இல் செய்தி ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டைக் கீழ்த்தரமானதென்று கருதினார். வானொலியில் அதற்கு ஒதுக்கிய நேரத்தைச் சுருக்கினார். படத் தயாரிப்பாளர்களோடு பிணக்கு முற்றி, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டே அநேகமாக இல்லாமல் போயிற்று. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். கடைசியில் 1957இல் விவித பாரதியை ஆரம்பித்துச் சர்க்கார் தன் நேயர்களை மீட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்று கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட அந்தப் பாட்டுகளைத்தான் இன்று என்னைப் போன்ற கிழவர்கள் 'தெய்விகம்' என்கிறோம்.

மேல்நாட்டிலும் இதே கதைதான். பாப் டிலன் 1965இல் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் மின்சாரக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது, அவருடைய ரசிகர்களிலேயே பலர் கூச்சலிட்டார்கள். 2016இல் அதே மனிதருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு. கூச்சலிட்டவர்களில் எத்தனை பேர் அதற்குள் மனம் மாறியிருந்தார்களோ, எத்தனை பேர் அப்போதும் பழைய டிலன்தான் டிலன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ!

சரி, வயதைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? சீட்டிலிருந்த மூன்றையும் மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து, பேரனுடைய கைபேசியில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். இந்தக் கிடார் இந்தப் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்ற ஒரே கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டேன். 'எனக்குப் பிடித்திருக்கிறதா' என்ற கேள்வியை வேண்டுமென்றே ஒத்திவைத்தேன். எதிர்வீட்டுத் தறி தாளம் தப்பாமல் துணைக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் என்னுடைய பாட்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன் (புதுமுகம் ரவிச்சந்திரன்) எஸ்டேட் முதலாளியின் வீட்டு வாசலில் சகாக்களைச் சேர்த்துக்கொண்டு, மறுபடி வேலை கொடு என்று ஆடிப் பாடுகிறான். முதலாளி பாலையா. விசுவநாதன்-ராமமூர்த்தியின் இசை, பி. பி. ஸ்ரீநிவாஸின் குரல். அமெரிக்காவில் 1960 வாக்கில் பரவிய ட்விஸ்ட் நடனத்தின் தாளம், நான்கே வருஷத்தில் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. ராக் தாளத்தின் ரகசியம் சிக்கலானதல்ல. நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் டிரம்ஸின் அடி அழுந்தி விழும். முதல் எண்ணிக்கையில் தட்டிப் பழகிய நம் கைக்கு அது ஒரு கிச்சுக்கிச்சு. 1964இல் என்னைப் பிடித்தது அந்தக் கிச்சுக்கிச்சுதான் என்று இப்போது தெரிகிறது. ஏனென்றால் கிடார் அங்கே அதிகமாக ஒன்றும் செய்யவில்லை. இறுக்கமான கால்சட்டையைப் போல, கூம்பிய தொப்பியைப் போல, அதுவும் நவநாகரிகத்தின் ஓர் அடையாளம். அதை எடுத்துவிட்டாலும் மெட்டு உயிரோடு இருக்கும். மெட்டு அற்புதமானது, கேலியும் அற்புதமானது. கிடார் மட்டும் விருந்தாளி.

இதை ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபமாக இல்லை.

'மூடுபனி' வேறு சமாசாரம். இளையராஜா பண்ணைப்புரத்துக்காரர், எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் கற்றவர், லண்டன் டிரினிடி காலேஜின் கிடார் பரீட்சையில் தேறியவர். தாமே இசையமைக்கத் தொடங்குவதற்கு முன் பிறருடைய குழுக்களில் கிடார் வாசித்தவர். 1976இல் 'அன்னக்கிளி', 1980இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' அவருக்கு நூறாவது படம். அந்தப் பாட்டில் கிடார் முதலில் பேசுகிறது. ஜேசுதாஸின் குரல் அதற்குப் பதில் சொல்வது போல வருகிறது. கீழே பேஸ் கிடார் தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் போட்டுக்கொண்டு நடக்கிறது. மேலே என்ன நடந்தாலும் தன் வழியை விடாத நடை அது. கிடாரை எடுத்துவிட்டால் இங்கே பாட்டே இல்லை. ராக்கின் ஆர்ப்பாட்டமும் இல்லை. தமிழ்ச் சினிமாவில் கிடார் தமிழ் பேசக் கற்றுக்கொண்டது என்று யாராவது ஓரிடத்தைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். 1964க்காரன் 1980க்குக் கொடுக்கிற ஓட்டு இது. அக்காள் மகன் காதில் விழாதபடி எழுதுகிறேன்.

ஆனால் அந்தப் பாட்டைக் கலியாண வரவேற்பில் பாடச் சொல்லுகிறவர்கள் படத்தைப் பார்த்தவர்கள்தானா என்பது என் சந்தேகம். பிரதாப் போத்தன் கிடாரை வைத்துக்கொண்டு அதை ஷோபாவிடம் பாடுகிறார். அவன் காதலன் இல்லை. சித்தம் பேதலித்த கொலைகாரன். அவளைக் கடத்திக்கொண்டுபோய் ஊட்டியில் அடைத்து வைத்திருக்கிறான். எதிரே இருப்பவள் மயங்கி நிற்கவில்லை, தப்பிக்க வழி பார்க்கிறாள். அந்த இனிமைக்கு அடியில் பயம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஓயாமல் நடக்கிற அந்த பேஸ் கிடாரே வேறு மாதிரி கேட்கிறது. காஸெட் காலத்தில் பாட்டு படத்தை விட்டுக் கழன்று, வீடு வீடாகப் போய், பயத்தை வழியில் உதறிவிட்டது.

இப்போது மூன்றாவது. 'வாரணம் ஆயிரம்' கௌதம் மேனனின் படம். ஹாரிஸ் ஜெயராஜின் இசை. தகப்பன் மகன் கதை. பேரன் சொன்னான்: "தாத்தா, இதுல எல்லாமே நல்லா இருக்கும். ஒரு பிசிறு இருக்காது." அவன் சொன்னது சரி. என் புகாரும் அதுதான். ஒலிப்பதிவு துல்லியம், ஒவ்வொரு கிடார்த் தந்தியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. கிடார் எங்கும் நிறைந்திருக்கிறது. ஆனால் இஸ்திரி போட்ட சட்டையைப் போல, அழகாக மடிப்புக் கலையாமல். ஒரு கிடார் அப்படி இருக்கக் கூடாது என்று சட்டம் இல்லை. எனக்குக் கொஞ்சம் அழுக்கு வேண்டியிருக்கிறது, அவ்வளவே. இது வயதின் கோளாறாகவும் இருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் படத்தில் கிடார் வருகிற மிகச் சிறந்த கட்டம் எதுவென்று கேட்டேன். பேரன் யோசிக்காமல், "ரயில்ல சூர்யா மேக்னாவுக்கு முன்னால வாசிப்பாரே, அது" என்றான். அங்கே சூர்யா வாசித்துப் பாடுவது என்ன? 'மூடுபனி'யின் பாட்டு! அவனுடைய 2008க்குள்ளே அவன் தகப்பனுடைய 1980 உட்கார்ந்திருக்கிறது. இருவரும் ஒரே பாட்டுக்காகத்தான் சீட்டைக் கிழிக்காத குறையாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த ரயிலில் கொலைகாரனும் இல்லை, கடத்தலும் இல்லை, சுத்தமான காதல். பாட்டு அந்தப் பத்தாண்டை விட்டு இந்தப் பத்தாண்டுக்குக் குடிவந்து, பெயரைக்கூட மாற்றிக்கொள்ளாமல் ஆளே மாறிவிட்டது. அப்படியிருக்க, 'எண்பதுகளின் பாட்டு' என்று எதைச் சொல்லுவது?

படத்தின் பெயரையே பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் நாச்சியார் திருமொழியில், தனக்குத் திருமணம் நடப்பதாகக் கண்ட கனவைத் தோழியிடம் சொல்லுகிறாள். அந்தப் பதிகத்தின் முதல் வார்த்தைகள்தாம் இந்தப் பெயர். கனவிலேயே முடிந்த கலியாணம் அது. அதைத்தான் வைணவக் குடும்பங்களில் நிஜக் கலியாணத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் தேங்காய் உருட்டும்போது பாடுகிறார்கள். அன்று காலையிலும் பாடினார்கள். மாலையில் அதே பெயரைச் சொல்லிப் பேரன் கிடார் கேட்டான். ஒருவரும் திடுக்கிடவில்லை; நானும் அப்போது கவனிக்கவில்லை.

ஏ. ஆர். ரஹ்மானை விட்டுவிட்டேனே என்று சிலர் கோபிக்கக்கூடும். 1992இல் 'ரோஜா' வந்தபோது ஒலியே மாறியது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். ராக் குழுவையே கதையாக வைத்து வந்த 'பாய்ஸ்' (2003) பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் குழு இருந்தது, தலைமுடி இருந்தது. கத்துவதற்குக் காரணம் இருந்ததாக எனக்குப் படவில்லை.

காரணத்தோடு வந்தவர்கள் என்று நான் நினைப்பது 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை. பா. ரஞ்சித்தின் முயற்சி, இசைக்குப் பொறுப்பு டென்மா. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர். கானா பாடுகிறவர்களும் பறையும் கிடாரும் ஒரே மேடையில். பதிவைப் பேரன் போட்டுக் காட்டினான். சத்தம் என் காதுக்குத் தாங்கவில்லை. இரண்டு தடவை நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் தடவை முழுக்கக் கேட்டேன். ராக் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸிலிருந்து கிளைத்தது. சக் பெர்ரி போன்றவர்கள் 1955 வாக்கில் கிடாரைப் பேசவைத்தார்கள். இங்கே அது எஸ்டேட் பங்களா வாசலில் விளையாட்டுச் சாமானாக வந்து இறங்கியது. 1964இல் அதை வைத்துக்கொண்டு வேலை கேட்டார்கள். தியேட்டரே சிரித்தது, நானும் சிரித்தேன். 2018இல் சாதியைப் பற்றியும் இட ஒதுக்கீட்டைப் பற்றியும் பாடுகிறார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அங்கே கிடார் விருந்தாளியா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. பறைக்குப் பக்கத்தில் தோளோடு தோளாக நிற்கிறது. அந்தப் பாட்டுகளை நான் விரும்பிக் கேட்பேனா என்றால், மாட்டேன். நல்ல பாட்டா என்றால், ஆம். இந்த இரண்டு பதிலையும் சேர்த்துச் சொல்ல எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.

வரவேற்பில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. பந்தி முடிந்து கூட்டம் கலைகிற நேரம். 'மூடுபனி' ஆயிற்று, 'வாரணம் ஆயிரம்' படத்தில் மூன்று ஆயிற்று. டிரம்ஸ் பையன் கடைசி பஸ்ஸுக்காக மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டான். கிடார்ப் பையன் சீட்டை எடுத்துப் பார்த்து, கோடு இழுத்திருந்த முதல் வரியைக் காட்டி, "ஐயா, இது எங்களுக்குத் தெரியாதே" என்றான். பேரன் கைபேசியில் தேடி எடுத்து அவன் காதருகே வைத்தான். பையன் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு தடவை முழுக்கக் கேட்டான். "அட, ட்விஸ்ட்!" என்று டிரம்ஸ்காரனை மறுபடி உட்காரவைத்தான். பாடுகிறவர்களுக்கு வார்த்தை தெரியாததால் மெட்டை மட்டும் வாசித்தார்கள். அக்காள் மகன் நாற்காலியின் முதுகில் தாளம் போட்டான்.

கொஞ்சம் வேகமாகத்தான் வாசித்தார்கள்.