ஒரே ஒரு ஓட்டு வாங்கிய நாவல்

ஐந்து வருடம் முன்பு, தமிழ் நாவல்களை ஒழுங்காகப் படித்துவிடுவது என்று முடிவெடுத்து, தெரிந்த பதினான்கு பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினேன். "கட்டாயம் படிக்க வேண்டிய தமிழ் நாவல் ஐந்து சொல்லு." பதில்களை எக்செல்லில் போட்டு, எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணி, மேலிருந்து கீழாக அடுக்கினேன். வேலையில் நாள் முழுக்கச் செய்வதும் இதுதானே.

பட்டியல் எப்படி வந்திருக்கும் என்று சொல்லாமலே தெரியும். பொன்னியின் செல்வன் முதலிடம். பிறகு மோகமுள், புளியமரத்தின் கதை, ஜே.ஜே: சில குறிப்புகள், விஷ்ணுபுரம். இதில் ஒன்றையும் நான் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இந்தப் பட்டியலைச் செய்ய எனக்கு நண்பர்கள் தேவையே இல்லை. பதினான்கு பேரும் ஆளுக்கொரு இடத்தில் கேள்விப்பட்டதை என்னிடம் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். பாதிப் பேராவது அந்த நாவல்களை முடித்திருக்க மாட்டார்கள் என்று இன்றுவரை சந்தேகம் உண்டு. நானும் பிறருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

ஒருவன் மட்டும் ஐந்து கேட்டால் ஒன்றுதான் அனுப்பினான். கண்மணி குணசேகரனின் வந்தாரங்குடி. கூடவே "நீ படிக்கணும்டா" என்று ஒரு வரி. காரணம் எதுவும் இல்லை.

ஒரே ஒரு ஓட்டு வாங்கியதையெல்லாம் நான் ஃபில்டர் போட்டுத் தூக்கிவிட்டேன். அதோடு இதுவும் போயிற்று.

அவன் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் நெய்வேலி நகரியத்துக்குள் வளர்ந்தவன். பலகையில் வட்டம் என்று எழுதியிருக்கும், நாங்க பிளாக்னுதான் சொல்லுவோம். அகலமான ரோடு, வரிசையாக மரம், சுற்றிலும் தோட்டம் விட்ட குவார்ட்டர்ஸ். மழை வந்தால் தண்ணீர் தேங்காது. ஜூன், ஜூலையில் புத்தகக் கண்காட்சி வரும், அப்பா கையில் காசு கொடுத்து விடுவார். அவன் நகரியத்துக்கு வெளியிலிருந்து வந்தவன், இன்ஜினியரிங்கில் என் வகுப்பு. சுரங்கத்துக்கு ஊரைக் கொடுத்துவிட்டு மாற்றுக் குடியிருப்புக்கு வந்த குடும்பம். நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் அவன் பழைய ஊரின் பேரை நான் கேட்டதில்லை. அது இப்போது எங்கே இருக்கும் என்று யோசித்ததும் இல்லை. சுரங்கத்தின் பள்ளத்தைப் பார்க்க விருந்தாளிகளை அழைத்துப் போவோம். பெருமையாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது "படிச்சியா?" என்றான். "பாதி வந்துட்டேன்" என்றேன். பச்சைப் பொய். அவன் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான். மறுநாள் புத்தகத்துக்குச் சொல்லிவிட்டேன்.

இங்கே க.நா.சு.வைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. பட்டியல் என்றால் தமிழில் அவர்தான். சலிக்காமல் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தவர். ஆர். சண்முகசுந்தரத்தின் நாகம்மாள், சங்கரராமின் மண்ணாசை மாதிரி நாவல்களை மறக்க விடாமல் காப்பாற்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. படித்திருக்கிறீர்களா? என்று அவர் புத்தகத்துக்கே பெயர். பெயரை மட்டும் சொன்னால் விமர்சனம் ஆகுமா, காரணம் எங்கே, அலசல் எங்கே என்பது சி.சு. செல்லப்பா தரப்பு. 1959ல் அவர் தொடங்கிய எழுத்து பத்திரிகையில் அந்த அலசலுக்குப் பெரிய இடமிருந்தது. கைலாசபதி வேறொரு திசையிலிருந்து, இந்த ரசனை யாருடைய ரசனை என்று கேட்டார்.

நான் ரொம்ப நாள் செல்லப்பா பக்கம்தான். காரணம் சொல்லாத தீர்ப்பு எனக்கு ஆகாது. கைலாசபதியின் கேள்வியும் நியாயமானது, என் எக்செல்லுக்கு அது அப்படியே பொருந்தும். அதிலிருந்தது என் பிளாக், என் காலேஜ், என் ஆபீஸ், அவ்வளவுதான். ஆனால் க.நா.சு. செய்தது ஓட்டு எண்ணும் வேலை அல்ல. தனி ஆளாக, தன் பெயரைப் பணயம் வைத்து, "இதைப் படி" என்றார். தப்பாகப் போனால் அவரைத் திட்டலாம். பதினான்கு பேர் ஓட்டில் வந்த பட்டியல் தப்பாகப் போனால் யாரைத் திட்டுவது? பா. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி 1972ல் வந்து, கவனிப்பாரில்லாமல் கிடந்தது. சி. மோகன் மாதிரி சிலர் விடாமல் சொன்னதால்தான் நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்தது. எழுபதுகளில் என் ஃபில்டரைப் போட்டிருந்தால் அதுவும் தூக்கப்பட்டிருக்கும்.

வந்தாரங்குடிக்கு வருகிறேன். எளிதான நாவல் இல்லை. என்னைத் தடுக்கி விழவைத்தது கதை அல்ல, பேச்சு. விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரன் நடுநாட்டுப் பேச்சைச் சலுகை காட்டாமல் எழுதுகிறவர். நடுநாட்டுச் சொல்லகராதி என்று ஒரு அகராதியே தொகுத்தவர். அந்தப் பேச்சு புழங்கும் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அகராதி தேவைப்பட்டது. நகரியத்தில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் சேர்ந்து பேசிய பொதுத் தமிழ்தான் என் தமிழ். வாசலில் காய்கறி விற்க வந்தவர்கள் பேசியதை நான் காதில் வாங்கவே இல்லை போலிருக்கிறது.

குறையும் உண்டு. நாவல் நீளம். சில இடங்களில் ஆசிரியரின் கோபம் பாத்திரத்தின் வாயைப் பிடுங்கிக்கொண்டு பேசுகிறது. இவருடைய அஞ்சலையில் ஒரு பெண்ணின் பாடு நாவலை இழுத்துக் கட்டி வைத்திருக்கும். மாப்பிள்ளை என்று ஒருவனைக் காட்டி இன்னொருவனுக்குக் கட்டிவைத்ததில் தொடங்கும் பாடு அது. அந்த இறுக்கம் இங்கே இல்லை. கலையாக அஞ்சலைதான் மேல் என்று சொல்வேன். ஆனால் நிலத்தைக் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்து என் ஊரைப் பார்த்தது இதில்தான். நான் பெருமையாகக் காட்டிய பள்ளத்துக்கு மேலே முன்பு வீடு இருந்தது, முந்திரி இருந்தது, குலதெய்வம் இருந்தது என்பது தகவலாக எனக்குத் தெரியும். தகவலாக மட்டும்.

முடித்த அன்று அவனுக்கு போன் செய்து, கல்யாணத்தில் சொன்னது பொய் என்றேன். "தெரியும்டா, பாதி வந்தவன் அந்த மாதிரி முழிக்க மாட்டான்" என்றான். பழைய ஊரின் பேரைக் கேட்டேன். சொன்னான்.

எக்செல்லில் இப்போது ஓட்டுக் கணக்கு இல்லை. அந்த இடத்தில் "சொன்னது யார்" என்று ஒரு காலம். பெயர்கள் குறைந்துவிட்டன, படிக்கும் வேகமும் குறைந்துவிட்டது.

போன வாரம் அவன் கேட்டான், "சரி, இப்ப நீ ஒன்னு சொல்லு. ஒன்னே ஒன்னு." புயலிலே ஒரு தோணி என்று உடனே அனுப்பிவிட்டேன். "எனக்கு ஏன் அது?" என்று பதில் வந்தது. மூன்று நாளாக டைப் செய்து அழித்துக்கொண்டிருக்கிறேன்.