முகட்டுக்கு அப்பால் விழும் குண்டு

1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில், சீனத் தாக்குதலில் 13ஆம் குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி ஏறத்தாழ முழுதாக அழிந்தது. மேஜர் ஷைத்தான் சிங்கும் அவருடைய வீரர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரும் மாண்டார்கள். சுஷூல் பக்கம் இந்தியப் பீரங்கிகள் இருக்கத்தான் செய்தன. நடுவே நின்ற மலைமுகடு அவற்றின் குண்டுகளை மறித்துவிட்டது. கம்பெனியிடம் இருந்தவற்றில் கனமானவை 3 அங்குல மோர்ட்டார்களே. காலாட்படைக்குக் கனரக மோர்ட்டார் வேண்டும் என்று வாதிடுபவர்களுக்கு இதைவிட வலுவான சாட்சி கிடைக்காது.

மோர்ட்டார் குண்டு வானத்தை நோக்கி ஏறி, செங்குத்தாக இறங்கும். முகடோ மதிலோ அதற்குப் பொருட்டல்ல. சோவியத் ஒன்றியத்தில் போரிஸ் ஷாவிரின் வடிவமைத்த 1938ஆம் ஆண்டின் 120 மி.மீ. மோர்ட்டாரே இந்த வகையில் தலைசிறந்தது. அதன் எடை 300 கிலோவுக்குள். குண்டு 16 கிலோ. அதே காலத்து பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கியோ 1,600 கிலோவைத் தாண்டும். குண்டு 11 கிலோ சொச்சம்தான். உதைப்பைத் தாங்கும் பொறியமைப்பு எதுவும் மோர்ட்டாருக்குக் கிடையாது. அடித்தகடு வழியாக அதை நிலமே வாங்கிக்கொள்கிறது. குழாய்க்குள் அழுத்தம் குறைவு என்பதால் குண்டின் ஓடு மெலிதாக இருந்தால் போதும். மிச்ச இடமெல்லாம் வெடிமருந்து. ஜெர்மானியர்கள் இந்தச் சோவியத் மோர்ட்டாரைக் கைப்பற்றி, அப்படியே நகலெடுத்துத் தங்கள் படைக்கும் கொடுத்தார்கள். எதிரியிடமிருந்து வேறென்ன நற்சான்று வேண்டும்?

எட்டும் தூரத்தில்தான் குறை தொடங்குகிறது. 25 பவுண்டர் 12 கிலோமீட்டர் எட்டியது; சோவியத் மோர்ட்டார் 6 கிலோமீட்டருக்குள் நின்றது. இந்தியப் படையும் பயன்படுத்திய பிரிட்டிஷ் 4.2 அங்குல மோர்ட்டாருக்கு 4 கிலோமீட்டர்கூட இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை தீனி. ஒரு குழாய் நிமிடத்துக்குப் பத்துக் குண்டு வீசினால், நான்கு குழாய்களுக்கு நாற்பது. மலைப்பாதையில் ஒரு கோவேறு கழுதை நான்கு குண்டுகளுக்கு மேல் சுமப்பது கடினம். ஆக, ஒரு நிமிடச் சூட்டுக்குப் பத்துக் கழுதைகள்! குழாய் இலேசு என்று பெருமை பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

நிலமும் ஒத்துழைக்க வேண்டும். சேற்றிலும் பொடிமணலிலும் ஒவ்வொரு சூட்டுக்கும் அடித்தகடு புதையும், குறி பிசகும். தூத்துக்குடி மாவட்டத்தின் குதிரைமொழித் தேரியில் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால் புதையும் அந்தச் செம்மணலில் மணல்மூட்டைகளையோ மரக்கட்டைகளையோ அடுக்காமல் கனரக மோர்ட்டாரை நிலைநிறுத்த முடியாது.

காலாட்படைக்கென்று பிறந்த ஆயுதம் இந்தியாவில் பீரங்கிப்படையிடம் போய்ச் சேர்ந்ததற்குக் குண்டு சுமக்கும் பாரமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். 120 மி.மீ. மோர்ட்டார்களைப் பீரங்கிப்படையின் லைட் ரெஜிமென்டுகள் வைத்துக்கொண்டன. பட்டாலியன் கையில் 81 மி.மீ. நின்றது. வழங்கலைப் பொறுத்தவரை இது சரியான முடிவுதான். ஆனால், முகட்டின் மறுபுறம் தவிக்கும் கம்பெனித் தளபதி மறுபடியும் வேறொரு படைப்பிரிவிடம் கேட்டுத்தான் குண்டு பெற வேண்டும். 1999 கார்கிலில் போஃபர்ஸ் பீரங்கியோடு 120 மி.மீ. மோர்ட்டார்களும் முழங்கின, புகழ் என்னவோ போஃபர்ஸுக்கே போனது.

மலையில் வரமாக இருக்கும் செங்குத்து வீச்சு ஊருக்குள் வந்தால் கொடுமை. போஸ்னியப் போரின்போது, 1994 பிப்ரவரி 5 அன்று சரயேவோவின் மார்க்கலே சந்தையில் விழுந்த ஒரே ஒரு 120 மி.மீ. குண்டு 68 பேரைக் கொன்றது. வந்த திசையைக் குண்டு விழுந்த பள்ளம் சொன்னது. எவ்வளவு தொலைவிலிருந்து என்பதைச் சொல்லவில்லை. அதனால் ஏவியவர் யார் என்பது ஆண்டுக்கணக்கில் சர்ச்சையானது. செர்பியர் வசமிருந்த பகுதியிலிருந்தே வந்தது என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003இல் தீர்ப்பளித்தபோதும் ஒரு நீதிபதி உடன்படவில்லை.

மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையிலும், ஷெல்லடிக்குத் தப்பப் பதுங்குகுழி வெட்டியே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2009இல் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் பெரும்பாலான பொதுமக்கள் அரசப் படைகளின் ஷெல் வீச்சில் இறந்ததாகவும், புலிகள் மக்கள் கூட்டத்தின் அருகிலிருந்து பீரங்கிகளை இயக்கியதாகவும் ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது.