தீவின் தனிமையும் நம் எழுத்தும்

எழுவைதீவுக்குப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறித்தான் போக வேண்டும். சில நூறு பேரே வாழும் அத்தீவில் ஒருவன் பதினாறு வயதை எய்தும்போது அவனுக்கு ஒத்த வயதுத் தோழர் எத்தனை பேர் இருப்பர்? வசதியுள்ள குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்துவிட, எஞ்சியிருப்பவனின் மனத்தை நம் இலக்கியம் எவ்வாறு கண்டிருக்கிறது?

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973) நெடுந்தீவைக் களமாகக் கொண்ட நாவல். பருவந்தோறும் வாடி அமைக்க வரும் மீனவரும் தீவு மக்களும் அதில் மோதுகின்றனர், காதலிக்கின்றனர். துன்பம் உண்டு, ஆயினும் தீவு ஆள் நடமாட்டத்தால் நிறைந்திருக்கிறது. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் 1990களில் எழுதிய கவிதைகளிலோ, போரால் மக்கள் பெயர்ந்துபோக, ஊரே தனித்துக் கிடக்கிறது. அத்தனிமையை அவர் விதி என்று சொல்லவில்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டென்று காட்டினார். அவருடைய சிறப்பு அதுவே.

ஆனால் அவ்வூரில் இன்று வளரும் பிள்ளையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. எழுதுவோரிலும் பலர் கடலையும் நிலவையும் துணைக்கழைத்துத் தனிமையை அழகுபடுத்திவிடுகின்றனர். நம் அணியிலும் ஒரு பிழை உண்டு. தனிமை செல்வர் நாட்டு நோய், உழைக்கும் மக்களுக்கு அதற்கு நேரமேது என்று நாம் ஒதுக்கிவிட்டோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கை இதை மறுக்கிறது. தனிமையுணர்வு கொண்டோர் செல்வ நாடுகளில் ஏறத்தாழ 11 விழுக்காடு. வறிய நாடுகளில் 24 விழுக்காடு. வயதில் பார்த்தால் பதின்பருவத்தினரே மிகுதி. இவ்வுணர்வுக்கு ஆளானோர் மனச்சோர்வுக்கு உள்ளாகும் வாய்ப்பு இருமடங்கு என்றும், தனிமையுற்ற மாணவர் படிப்பில் பின்தங்குவது கூடுதல் என்றும் அவ்வறிக்கை கூறுகிறது.

தனித்திருத்தல் வேறு, தனித்துவிடப்படுதல் வேறு. தானே விரும்பிக் கரையில் அமர்ந்து நூல் படிப்பவனுக்கு நாம் இரங்க வேண்டியதில்லை. பேச ஆளின்றி, மனம் நொந்தால் போய்ச் சொல்ல இடமின்றி இருப்பவனைப் பற்றியே கவலை. அவனுடைய மௌனத்தைச் சுபாவம் என்று ஆசிரியர் கடந்துவிடலாகாது. கவித்துவம் என்று எழுத்தாளர் கொண்டாடலாகாது. ஒழுங்கான படகும், நிலைத்து நிற்கும் ஆசிரியரும், விளையாடக் களமும், மனநல உதவியும் அவனுக்குரிய உரிமைகள். அவ்வுரிமைகள் மறுக்கப்படும் கதையை எழுத வேண்டியவர்கள் நாமே.