சார்லியிடம் கேட்டிருந்தால்: ஒரு பயண நூலும் கனடாவைக் கடக்கும் கணக்கும்

நாயைக் கூட்டிக்கொண்டு, கூடாரம் போட்டு, குறைந்த செலவில் கனடாவைக் காரில் கடக்கலாமா என்று யாரிடம் கேட்டாலும் ஒரு புத்தகத்தின் பெயர் வந்துவிடுகிறது. ஜான் ஸ்டைன்பெக்கின் ‘டிராவல்ஸ் வித் சார்லி’. 1960 செப்டம்பரில் சார்லி என்ற பூடில் நாயோடு, பின்னால் குட்டி வீடு பொருத்திய ஒரு டிரக்கில் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியவர் எழுதியது. 1962-ல் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் ரோஜர்ஸ் கணவாயில் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையும் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

நான் இதை இலக்கியமாகப் படிக்கவில்லை. அடுத்த கோடைக்கு டொராண்டோவிலிருந்து வான்கூவர் வரை ஒரு திட்டம் இருக்கிறது; எங்கள் வீட்டு நாய்க்கு ஒன்பது வயது. அதனால் ஒரு திட்ட ஆவணத்தைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் புத்தகம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

மனிதர் வரும் பகுதிகள் ஒரு பக்கம். ஆற்றோரத்தில் வண்டியை நிறுத்தி, காபி போட்டு, வழிப்போக்கரோடு பேசும் இரவுகள். 2010-ல் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் அதே பாதையில் போய், கடிதங்களையும் கையெழுத்துப் பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நூல் காட்டுவதைவிட ஸ்டைன்பெக் விடுதிகளில் தங்கியது அதிகம், மனைவி கூட இருந்த நாட்களும் அதிகம் என்பது அவர் முடிவு. 2012-ல் வந்த பதிப்பின் முன்னுரையே இதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறது. புனைவு கலந்தது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. ஆனால் முகாம் வாழ்க்கை சுலபம், கிட்டத்தட்ட இலவசம் என்ற எண்ணத்தை ரெண்டு மூணு தலைமுறைக்கு விதைத்ததில் இந்த நூலுக்குப் பங்கு உண்டு. பணம் பற்றிய பேச்சு இதில் அநேகமாக இல்லை.

இன்னொரு பக்கம், நாய் வரும் பகுதிகள். கவனித்துப் பாருங்கள், அங்கேயெல்லாம் திட்டம் உடைகிறது. நயாகராவில் கனடாவுக்குள் புகுந்து, தெற்கு ஒன்டாரியோ வழியாகக் குறுக்கே போய்விடலாம் என்பது ஸ்டைன்பெக்கின் யோசனை. சார்லியின் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றிதழ் கையில் இல்லை. ‘நாங்கள் விடுவோம், திரும்பும்போது உங்கள் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள்’ என்கிற தொனியில் கனடா அதிகாரி சொல்ல, வண்டி திரும்புகிறது. யெல்லோஸ்டோனில் ‘என் நாய் சாது’ என்று பெருமையடித்துவிட்டு உள்ளே போகிறார். கரடியைப் பார்த்ததும் சார்லி வெறிபிடித்த மாதிரி ஆகி, வந்த வழியே திரும்ப வேண்டியதாகிறது. சிகாகோவில் நாயைக் காப்பகத்தில் விடுகிறார். வழியில் சிறுநீர்க் கோளாறு, இரண்டு மருத்துவர்கள். இது எதுவும் எழுத்தாளருக்குப் பெருமை சேர்ப்பதில்லை. அதனாலேயே இந்தப் பக்கங்களை நான் நம்புகிறேன்.

பிரச்சினை என்னவென்றால், ஸ்டைன்பெக் இவற்றை வேடிக்கைச் சம்பவங்களாக மட்டுமே எழுதுகிறார். மற்ற நேரத்தில் சார்லி அவருடைய தத்துவத்துக்குத் தலையாட்டும் ஆள். நாயின் தேவைகள்தான் பயணத்தின் வேகத்தை முடிவு செய்கின்றன என்ற முடிவுக்கு அவர் வரவே இல்லை.

கனடாவில் அந்த முடிவுதான் பட்ஜெட். டொராண்டோ – வான்கூவர், கனடாவுக்குள்ளேயே போனால் சுமார் 4,400 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு 10 லிட்டர் என்றால் 440 லிட்டர். லிட்டர் ஒன்றரை டாலர் என்று வைத்தால் 660 டாலர். நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது மாறாது. மாறுவது நாட்கள். தினம் 550 கி.மீ. ஓட்டினால் 8 நாள், 7 இரவு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கவிட்டு 350 என்று வைத்தால் 13 நாள், 12 இரவு. கூடுதலாக ஐந்து இரவு, ஐந்து நாள் சாப்பாடு.

இரவுக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஒன்டாரியோவின் அரசு நிலங்களில், கனடாவில் வசிப்பவர்கள் அனுமதியுள்ள இடங்களில் ஒரே இடத்தில் 21 நாள் வரை காசில்லாமல் தங்கலாம். கழிப்பறை, குடிநீர், குப்பைத்தொட்டி எதிர்பார்க்கக் கூடாது. தேசியப் பூங்காக்களில் நாய் எப்போதும் கயிற்றில் இருக்க வேண்டும்; முகாமில் தனியாக விட்டுப் போக முடியாது. பான்ஃப் பக்கம் நாயின் சாப்பாட்டுத் தட்டைக்கூட வெளியே வைக்கக் கூடாது, கரடி வரும். லேக் லூயிஸில் துணிக்கூடார முகாமைச் சுற்றி மின்வேலியே போட்டிருக்கிறார்கள். ஸ்டைன்பெக் கிளம்பியது கோடை முடிந்த பிறகு. அவருக்குக் கதவுள்ள வீடு ஒன்று வண்டியிலேயே இருந்தது. ஜூலை வெயிலில் கூடாரத்தோடு தனியாகப் போகிறவருக்கு மளிகைக் கடைக்குள் நுழைவதே சிக்கல். நாயை மூடிய காரில் விட முடியாதே.

பெட்ரோல் மலிவு என்று சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே அமெரிக்கா வழியாகப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு சார்லியின் எல்லை அத்தியாயம் இன்னும் பழசாகவில்லை. 2024 ஆகஸ்ட் முதல் அமெரிக்காவுக்குள் நுழையும் நாய்க்கு மைக்ரோசிப், குறைந்தது ஆறு மாத வயது, முன்கூட்டியே நிரப்பிய சிடிசி படிவம் எல்லாம் வேண்டும். கனடாவுக்குத் திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ்.

அதனால் இந்த நூலைப் படிக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். சார்லி வரும் பக்கங்களை மடித்து வையுங்கள். அவைதான் செலவுப் பட்டியல். நானும் என் எக்செல் ஷீட்டில் முதல் வரிசையில் இருந்த ‘மொத்தத் தூரம்’ என்பதைக் கீழே தள்ளிவிட்டு, ‘நாய் ஒரு நாளில் தாங்கும் தூரம்’ என்று போட்டிருக்கிறேன். அந்த எண் 350-க்கும் கீழே போனால், பயணம் வின்னிபெக்கோடு முடியும். வான்கூவர் எங்கேயும் போய்விடாது. ஒன்பது வயது நாய்க்கு அப்படிச் சொல்ல முடியாது.