'கெலிங்' என்னும் சொல்

சிங்கப்பூரில் இன்று சூலியா ஸ்திரீட் என வழங்கும் தெருவிற்கு முன்னாளில் கிலிங் ஸ்திரீட் என்பது பெயர். இந்தியர் அப்பெயரை இழிவெனக் கருதினர். 1920களின் தொடக்கத்தில் அது மாற்றப்பெற்றது. தமிழரைச் சுட்டி வழங்கிய 'கெலிங்' அல்லது 'கிலிங்' என்னும் இச்சொல் எதிலிருந்து பிறந்தது? இதுபற்றி இரு கொள்கைகள் உள.

ஒன்று, ஒலிக்குறிப்பு என்பது. விலங்கு பூட்டிக் கொணரப்பெற்ற இந்தியக் கைதிகள் நடக்கையில் எழுந்த சங்கிலி ஒலியே பெயராயிற்று என்பர். உள்ளத்தைத் தொடும் கதைதான்; ஆயின் காலம் இடந்தரவில்லை. சிங்கப்பூருக்கு இந்தியக் கைதிகள் வரத் தொடங்கியது 1825இல். 'கிலிங்' என்ற பெயரோ ஜாவாவில் ஐர்லங்க மன்னன் காலத்து, 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே காணப்படுகிறது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் ஒலித்த சங்கிலி அச்சொல்லைப் பிறப்பித்தல் எங்ஙனம்?

மற்றொன்று, கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரின் திரிபு என்பது. யூல், பர்னல் இருவரும் தொகுக்க, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி கொண்டதும் இதுவே. முதலசை உயிர் நலிந்து ஈறு கெட, கலிங்கம் கெலிங் ஆதல் இயல்பே. ஆயின் கலிங்க வெற்றியைப் பரணியாகப் பாடிய தமிழர்க்குக் கலிங்கர் பெயர் வந்தது எப்படி எனக் கேட்கலாம். விடை அச்சாசனங்களிலேயே உண்டு. அயல்நாட்டார் வரிசையில் அவை கிலிங்கரையும் திராவிடரையும் வேறுவேறாகவே எண்ணுகின்றன. ஆகவே ஒரு பகுதியாரைக் குறித்த பெயர் பின்னர்த் தென்னாட்டார் பலர்க்கும் விரிந்தது எனல் பொருந்தும். பிராங்கு என்னும் ஓரினத்தார் பெயரைப் 'பறங்கி' எனத் திரித்து ஐரோப்பியர் பலர்க்கும் நாமே வழங்கவில்லையா?

எனவே பிறப்பில் வசை இல்லை. மலாக்காவின் கம்போங் கெலிங் பள்ளிவாசலும் பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றன.

ஆயினும் பிறப்பைக் காட்டி, வழக்கில் ஏறிய இழிவை மறுத்தல் பிழை. 'நாற்றம்' முன்னாளில் நறுமணத்தையும் குறித்தது. அதற்காக இன்று ஒருவரைப் பார்த்து 'நாற்றமுடையீர்' என்று கூறிவிட்டு இலக்கியச் சான்று காட்ட இயலுமா? பொருளை முடிவு செய்வது வழக்கே.

ஆசிரியர்கள் இவ்விரண்டையும் மாணவர்க்கு உணர்த்துதல் நலம். சங்கிலிக் கதையை வரலாறாகக் கற்பித்தால், கைதிகள் வருவதற்குப் பன்னூறாண்டு முன்பே வணிகராய்க் கடல் கடந்த முன்னோர் மறைந்துபோவர். சொல்லின் வரலாற்றை அறிவோம். அச்சொல்லால் ஒருவரை விளித்தலை ஒழிப்போம்.