கும்மிடிப்பூண்டி வரை வந்த குத்து

எங்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து, சட்டையை மாற்றிக்கொண்டு மைதானத்துக்கு ஓடிவரும் பையன்களிடம் ஒரு குத்து விடச் சொல்லிப் பாருங்கள். முஷ்டி திரும்பாது. நிமிர்ந்தபடியே போகும். கட்டைவிரல் மடங்கி ஒளியாமல் மேலே அழுந்தி உட்கார்ந்திருக்கும். எனக்குப் புல்லரித்துவிடும். கராத்தே மாஸ்டர் ஷிஹான் ஹுசைனி தமிழ்நாட்டில் பரப்பிய குத்து அது!

அந்தப் பாணிக்கு இஷின்ரியூ என்று பெயர். ஒகினாவாவில் தாட்சுவோ ஷிமாபுகு 1956இல் உருவாக்கிய கராத்தே. மற்றப் பாணிகள் பலவற்றில் குத்து போய்ச் சேரும்போது முன்கையைத் திருக வேண்டும். இதில் அந்தத் திருகலே கிடையாது. போன வேகத்தில் கை திரும்பி வந்துவிடும், முழங்கையை விறைத்து நீட்ட வேண்டியதில்லை, கட்டைவிரல் மேலிருந்து அழுத்துவதால் மணிக்கட்டு மடங்காது. நாள் முழுக்க மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவனுக்கு இதைவிடப் பாந்தமான குத்து இருக்கவே முடியாது. அனுபவித்தவன் சொல்கிறேன். குத்துப் பையில் அது விழும்போது வருகிற அந்த ‘டப்’ சத்தம் இருக்கிறதே, அதற்காகவே நைட் ஷிப்ட் முடிந்தும் தூங்கப் போகாமல் மைதானத்துக்கு வருவேன்.

ஹுசைனி மதுரைக்காரர். 1986இல் ‘புன்னகை மன்னன்’ மூலம் இயக்குநர் பாலசந்தர் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தார். என் வயதுக்காரர்களுக்கு அவர் ‘பத்ரி’ படத்து மாஸ்டர். 2001இல் அந்தப் படம் பார்த்துவிட்டுக் கராத்தே வகுப்பு தேடி அலைந்த பையன்கள் எத்தனை பேர்! விஜய்யைப் போட்டு வாட்டி எடுப்பாரே, அந்தப் பயிற்சிக் காட்சிகள் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். தெலுங்கு நடிகர் பவன் கல்யாணுக்கும் அவர்தான் குரு. முதலில் சொல்லித்தர மறுத்தாராம். பவன் விடாமல் போய் நின்ற பிறகே சம்மதித்தாராம். வாசலில் காக்கவைக்கிற குரு கிடைப்பதெல்லாம் பாக்கியம்!

கராத்தேயோடு அவர் நிற்கவில்லை. தமிழ்நாட்டில் நவீன வில்வித்தைக்கு அஸ்திவாரம் போட்டவர் என்று அவரைச் சொன்னால் அது மிகையில்லை. அதற்கென்றே மாநிலச் சங்கம் தொடங்கினார். வில்லைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் ருசி தெரியும். ஒலிம்பிக் ரிகர்வ் போட்டியில் இலக்கு 70 மீட்டர் தள்ளி நிற்கும். இலக்குத் தாளின் அகலம் 122 சென்டிமீட்டர், பத்துப் புள்ளி வட்டமோ வெறும் 12.2. நாணைத் தாடைக்கடியில் கொண்டுவந்து, முதுகுத் தசையால் இழுத்துப் பிடித்து, விரலை விடும் அந்தக் கணத்தில் கராத்தேக்காரனுக்குப் பழகிய மூச்சேதான் கைகொடுக்கிறது. இரண்டையும் ஒரே ஆள் கற்றுக்கொடுத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் மருத்துவமனையிலிருந்து வில்வித்தையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். 2025 மார்ச் 25 அன்று, 60 வயதில் போய்விட்டார். அஞ்சலிக்கு வரும் கராத்தே மாணவர்கள் சீருடையில் வந்து கட்டா என்ற கராத்தே அசைவு வரிசையைச் செய்யட்டும், வில்லாளர்கள் அம்பு எய்யட்டும் என்று பெசன்ட் நகர் வீட்டிலிருந்து செய்தி வந்தது. எவ்வளவு பொருத்தம்! மாலையைவிட அவருக்கு அதுதானே பிடித்திருக்கும்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குத்து வந்து சேர்ந்துவிட்டது. இனி அம்பும் வர வேண்டும். 70 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நீளமான ஒரு மனை, கடைசியில் அம்பு தாண்டாதபடி உயரமாக ஒரு மண்மேடு, நாலு பலகை. இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும் சிப்காட்டில் இதற்கா இடமில்லை?