எக்ஸ்பைஸ் பெட்டியும் 14.7-ம்

டெல்லியிலுள்ள இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர் உருவாக்கிய எக்ஸ்பைஸ் கருவியைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் "விலை குறைவு, ஓப்பன் சோர்ஸ், யுஎஸ்பி-யில் சொருகினால் போதும்" என்று பாராட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். மூணும் உண்மைதான். ஆனா ஒரு வகுப்பறைக் கருவியை எடைபோட அது போதாது. அதை வச்சு மாணவர்கள் என்ன கத்துக்கறாங்க என்பதுதான் கேள்வி.

முதலில் நல்லது. இப்போ சந்தையில் ப்ளூடூத் சென்சார்கள் நிறைய இருக்கு. மூடிய பிளாஸ்டிக் டப்பா, டேப்லெட்டில் ஒரு எண். நடுவில் என்ன நடந்தது என்று தெரியாது. எக்ஸ்பைஸில் வயரை நாமே இணைக்க வேண்டும். அதன் ஊசல் சோதனையைப் பாருங்க. ஒரு சின்ன டிசி மோட்டாரின் அச்சில் ஊசலை மாட்டி, மோட்டாரின் இரண்டு முனைகளையும் பெட்டியில் இணைக்கிறோம். ஊசல் ஆடும்போது மோட்டார் ஜெனரேட்டராகிறது. திரையில் மெல்லத் தேயும் சைன் அலை வரும்.

வயர்களை இடம் மாற்றினால் அலை தலைகீழாகும். ஊசல் ஓரத்தில் ஒரு கணம் நிற்கும்போது வோல்டேஜ் பூஜ்ஜியம், நடுவில் கடக்கும்போது உச்சம். அப்போ திரையில் தெரிவது கோணம் இல்லை, வேகம். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், வயரே சொல்லிவிடும்.

சிக்கல் மென்பொருளில் இருக்கு. ஃபிட் பெட்டியை டிக் செய்தால் வீச்சும் அதிர்வெண்ணும் தசமப் புள்ளிகளோடு வந்து நிற்கும். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது கூடவே வராது. கருவியின் ஏடிசி 12 பிட், அதாவது 4096 படிகள். ±16 வோல்ட் ரேஞ்சில் ஒரு படி கிட்டத்தட்ட 8 மில்லிவோல்ட். சிறிய சிக்னலை அந்த ரேஞ்சில் பார்த்தால் அலை படிக்கட்டாகத்தான் தெரியும். ஃபிட் அந்தப் படிக்கட்டின் மேல் வழவழப்பான கோடு போட்டு மூடிவிடும்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கு. நூலில் தொங்கும் குண்டுக்குப் பதிலாக, ஒரே சீரான கம்பியை அதன் முனையில் மாட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் மிகத் துல்லியமாகக் கிடைக்கும். கம்பியின் முழு நீளத்தைத் தனி ஊசல் சூத்திரத்தில் போட்டால் ஜி-யின் மதிப்பு 9.8 வராது, 14.7 வரும். சென்சார் சரி, ஃபிட் சரி, சூத்திரம்தான் தப்பு. அது குண்டின் நிறை முழுக்க ஒரு புள்ளியில் இருப்பதாக எண்ணி எழுதியது. சீரான கம்பிக்கு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் போட வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்த 14.7-தான் அந்தச் சோதனையின் சிறந்த பாடம். ஆனா "விடை 9.8 வரணும்" என்று நடத்தும் வகுப்பில் அது பிழையாகக் கருதப்பட்டு ரெக்கார்ட் நோட்டில் 9.8 ஆகிவிடும். ஸ்டாப்வாட்ச்சில் அளந்தாலும் இதே 14.7 வரும் என்றாலும், அங்கே "என் கைதான் தாமதமோ" என்ற சந்தேகமாவது இருக்கும். தசமப் புள்ளிகள் அந்தச் சந்தேகத்தையும் எடுத்துவிடுகின்றன.

அதனால் எக்ஸ்பைஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்குங்க, ஆனா ஃபிட்டைக் கடைசியில் தொடுங்க. முதலில் அலையின் இரண்டு முகடுகளுக்கு இடையிலான நேரத்தை மாணவர்கள் கண்ணால் படிக்கட்டும். பக்கத்திலேயே ஒருவர் 20 ஆட்டங்களை ஸ்டாப்வாட்ச்சில் அளக்கட்டும். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகுது என்று எழுதின பிறகு ஃபிட்டை டிக் செய்யலாம். இதற்குச் செலவு ஏதும் இல்லை, ஒரு பீரியட் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.